விளையாட்டுக் காயத் தடுப்பில் பிஎச்.டி.: கடலூர், புதுச்சேரி பக்கமிருந்து எப்படித் தொடங்குவது?

கெடிலக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். ஸ்போர்ட்ஸ் பிசியோதெரபியில் எம்.பி.டி. முடித்துவிட்டு கடலூரில் வேலை பார்க்கிறேன். காயத்துக்கு வைத்தியம் பார்ப்பதைவிட, காயம் வராமல் தடுப்பதில் ஆய்வு செய்ய விருப்பம். மாவட்டம் முழுக்கக் கபடிக் குழுக்கள் இருக்கின்றன. பெண்கள் கால்பந்தில் இந்திய அணி வரைக்கும் இங்கிருந்து போயிருக்கிறார்கள். அதனால் களத்துக்குப் பஞ்சமில்லை.

வேலையை விடாமல் பகுதி நேரமாகச் செய்ய முடியுமா, பக்கத்தில் எங்கே சேரலாம், பிசியோ படித்தவர்களை உடற்கல்வித் துறையில் எடுப்பார்களா என்று தெரிய வேண்டும். மனதில் உள்ள தலைப்பு: "கபடி வீரர்களின் முழங்கால் காயத்தைக் குறைப்பதில் 12 வார நரம்பு-தசைப் பயிற்சியின் விளைவு". இது தாங்குமா? வெளிநாட்டு வாய்ப்பு பற்றியும் யாராவது சொன்னால் நல்லது.

காலாப்பட்டு:

விதிமுறையை முதலில் பார்த்துவிடலாம். இப்போது நடப்பில் இருப்பது 2022 நவம்பரில் வந்த யு.ஜி.சி. பிஎச்.டி. ஒழுங்குமுறை. முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு. காலம் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு, மறுபதிவு செய்தால் இன்னும் 2. பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டு தளர்வு உண்டு. கோர்ஸ் ஒர்க் (ஆய்வுக்கு முன் முடிக்க வேண்டிய பாடங்கள்) குறைந்தது 12 கிரெடிட். பகுதி நேரத்துக்கு இந்த ஒழுங்குமுறை இடம் தருகிறது. ஆனால் வேலை செய்யும் இடத்திலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். ஆய்வுக்கு நேரம் தருவோம், தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க்குக்கு விடுவிப்போம் என்று அந்தக் கடிதத்தில் எழுதியிருக்க வேண்டும். வெறுமனே "ஆட்சேபணை இல்லை" என்று ஒரே வரியில் வாங்கிக்கொண்டு போனால் அலுவலகத்தில் திருப்பி அனுப்புவார்கள்.

2024-லிருந்து நெட் (தேசியத் தகுதித் தேர்வு) மதிப்பெண்ணையே பிஎச்.டி. சேர்க்கைக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைக்காதவர்களுக்கு நெட்டுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்று எடை. அந்த மதிப்பெண் ஓர் ஆண்டுதான் செல்லும். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் 2023 ஜனவரி முதல் உயர்த்திய கணக்கில் மாதம் 37,000, பிறகு எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை உதவித்தொகை) ஆனதும் 42,000, வீட்டு வாடகைப் படி தனி. அது முழுநேர ஆய்வாளருக்கானது. சம்பளத்தையும் இதையும் சேர்த்து வாங்க முடியாது.

உங்களுக்கு உள்ள சிக்கல், நெட் பட்டியலில் பிசியோதெரபி தனிப் பாடமாக இல்லை. அப்படிப்பட்டவர்கள் தொடர்புடைய பாடத்தில் எழுதலாம். உடற்கல்வியின் எண் 47. தேர்வு எழுதவிடுவது வேறு, துறை சேர்த்துக்கொள்வது வேறு. எம்.பி.எட். (உடற்கல்வி முதுகலை) மட்டும்தான் என்று சொல்லும் துறையும் உண்டு, சார்பு மருத்துவப் பட்டத்தை ஏற்கும் துறையும் உண்டு. சேர்க்கை அறிவிப்பில் தகுதிப் பத்தியை வரி விடாமல் படித்துவிட்டு, சந்தேகம் இருந்தால் துறைத் தலைவருக்கு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னது சரிபார்ப்பு நாளில் உதவாது.

இடங்கள் என்றால் காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், இரண்டிலும் உடற்கல்வித் துறை உண்டு. சென்னைப் பக்கம் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம், போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா. கோரிமேட்டு ஜிப்மரை வழிகாட்டி இடமாகப் பார்க்காவிட்டாலும் இணை வழிகாட்டிக்காகப் பாருங்கள். வேறு நிறுவனத்திலிருந்து இணை வழிகாட்டி வைத்துக்கொள்ள ஒழுங்குமுறை இடம் தருகிறது. உடற்கல்விப் பேராசிரியர் ஒருவர், எலும்பு மருத்துவமோ சமூக மருத்துவமோ தெரிந்தவர் ஒருவர் என்று அமைந்தால் இந்தத் தலைப்புக்கு அதைவிடப் பொருத்தம் இல்லை.

வழிகாட்டியிடம் பேசும்போது இரண்டைக் கேட்டுவிடுங்கள். ஒன்று, இடம் காலியாக இருக்கிறதா. பேராசிரியருக்கு 8, இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4 பேர்தான். இன்னொன்று, ஓய்வு எப்போது. ஓய்வுக்கு 3 ஆண்டுக்குள் இருப்பவர் புது மாணவரைச் சேர்க்க முடியாது.

மஞ்சக்குப்பம்:

சேர்க்கை விஷயத்தை மேலே முழுமையாகச் சொல்லிவிட்டார். நான் தலைப்புக்கு மட்டும் வருகிறேன். நேராகச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்: இந்தத் தலைப்பு தாங்காது.

நம் ஊர் உடற்கல்வி ஆய்வில் ஒரு வார்ப்பு இருக்கிறது. 45 மாணவர்கள், 15 பேராக மூன்று குழு, 12 வாரப் பயிற்சி, முன் சோதனை, பின் சோதனை, கடைசியில் ஆன்கோவா, ஷெஃபே என்ற புள்ளியியல் சோதனைகள். பாய்ச்சல் தூரம், வேகம், சமநிலை போன்றவற்றை அளக்க அது போதும். காயத்தை அளக்க அந்த வார்ப்பு பயன்படாது. காயம் என்பது எண்ணிக் கணக்கெடுக்க வேண்டிய நிகழ்வு, 45 பேரில் 12 வாரத்தில் எண்ணுவதற்கே ஆள் இருக்காது. பிறகு என்ன செய்வார்கள்? ஒய்-பேலன்ஸ் (ஒற்றைக்காலில் நின்று மறுகாலை நீட்டும் சமநிலைச் சோதனை) தூரம் கூடியது, அதனால் காயம் குறையும் என்று முடிவுரையில் எழுதிவிடுவார்கள். அளந்தது ஒன்று, சொன்னது வேறொன்று. சோதனை மதிப்பெண்ணை வைத்து யாருக்குக் காயம் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதை ஆஸ்லோவின் காயத் தடுப்பு ஆய்வாளர் ரோல்டு பார் 2016-லேயே விரிவாக எழுதிவிட்டார்.

கணக்காகவே பாருங்கள். ஒரு குழுவில் 14 பேர், வாரம் 6 மணி நேரம், 20 வாரம். 14 × 6 × 20 = 1,680 மணி நேரம். ஆயிரம் மணி நேரத்துக்கு 5 காயம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் ஒரு குழுவுக்கு எட்டுச் சொச்சம் காயம். பயிற்சியால் 40 சதவீதம் குறைகிறது என்பதை 80 சதவீத வலுவோடு (உண்மையில் குறைந்திருந்தால் அது ஆய்வில் தெரியவரும் வாய்ப்பு) காட்ட, இரு பக்கமும் சேர்த்துக் கிட்டத்தட்ட 120 காயம் பதிவாக வேண்டும். அதோடு முடியவில்லை. ஒரே குழுவுக்குள் ஆளாளுக்குத் தனிப் பயிற்சி கொடுக்க முடியாது, குழுவைக் குழுவாகத்தான் பிரிக்க வேண்டும். ஒரு குழுவினர் ஒருவருக்கொருவர் ஒத்திருப்பார்கள். அந்த ஒப்புமையை 0.05 என்று எடுத்தால் 1 + 13 × 0.05 = 1.65 மடங்கு. ஆக 198 காயம். கட்டுப்பாட்டுக் குழுவில் 8.4, பயிற்சிக் குழுவில் 5, சராசரி 6.7 என்று வகுத்தால் 30 குழு வேண்டும். அதுவும் யாரும் பாதியில் விலகாமல் இருந்தால். முழங்கால் காயம் மட்டும் என்று சுருக்கினால் இன்னும் பல மடங்கு. தனி ஆள் ஒருவர் பகுதி நேரத்தில் செய்யக்கூடிய காரியம் இல்லை.

வில்லெம் வான் மெக்கலன் என்ற ஆய்வாளர் 1992-ல் போட்ட நான்கு படி இன்றும் இந்தத் துறையின் அடித்தளம். காயம் எவ்வளவு, ஏன் எப்படி வருகிறது, தடுப்பு முறை, பிறகு முதல் படியைத் திரும்பச் செய்து குறைந்ததா என்று பார்ப்பது. கரோலின் ஃபின்ச் 2006-ல் அதை ஆறாக நீட்டினார். ஆய்வுக்கூடத்தில் பலித்தது மைதானத்தில் ஏன் பலிக்கவில்லை, கோச் அதைச் செய்யவைப்பாரா என்பதும் ஆய்வுதான் என்றார். நம் பக்கத்துக் கபடிக்கு முதல் படியே தொடங்கவேண்டிய நிலையில், நேராக மூன்றாம் படிக்குத் தாவுகிறீர்கள்.

இப்படிப் பிரியுங்கள். முதல் ஆய்வு, ஒரு முழுப் பருவம் 12 முதல் 15 குழுக்களில் காயக் கண்காணிப்பு. இரண்டாவது, காயம் நேரும் விதம்: ஆட்டக் காணொளியும் வீரர், கோச் நேர்காணலும். மூன்றாவது, தடுப்புப் பயிற்சி ஒன்றை 4 குழுக்களில் ஓட்டிப் பார்த்து, எத்தனை அமர்வு நடந்தது, எந்தப் பகுதியை விட்டுவிட்டார்கள், ஏன் என்று அளப்பது. காயம் குறைந்தது என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. பெரிய ஆய்வு சாத்தியமா என்று காட்டினால் போதும். மூன்றுக்கும் மூன்று கட்டுரை வரும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அக்யூட்-கிரானிக் பயிற்சிச் சுமை விகிதம் (அண்மை வாரச் சுமையை முந்தைய சில வாரச் சராசரியோடு ஒப்பிடும் எண்) என்று யாராவது தலைப்புக் கொடுத்தால் ஒதுங்கிவிடுங்கள். அந்த விகிதத்தின் கணிதமே சரியில்லை என்று 2020 வாக்கில் வந்த விமர்சனங்களுக்குப் பதில் சொல்வதிலேயே உங்கள் ஆய்வுக் காலம் தீர்ந்துவிடும்.

கெடிலக்கரை:

ரொம்ப நன்றி. தலைப்பை மாற்றிக்கொள்கிறேன். கபடியில் மணி நேரத்தை எப்படிக் கணக்கிடுவது? அவுட் ஆனவர் வெளியே உட்கார்ந்திருப்பாரே. காயம் என்று எதைப் பதிவது, யார் பதிவது? பல பையன்கள் ஆஸ்பத்திரிக்கே போவதில்லை.

தேவனாம்பட்டினம்:

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். கபடியில் குழப்பம் வருவது இந்த வகுக்கும் எண்ணில்தான். ஆண்கள் ஆட்டம் 20 + 20 நிமிடம், களத்தில் 7 பேர். ஒரு குழுவுக்கு 7 × 40 ÷ 60 = 4.67 மணி நேரம். ஆனால் ஏழு பேரும் 40 நிமிடமும் உள்ளே இருப்பதில்லை. இந்தக் கணக்கில் நேரம் கூடுதலாகவும், அதனால் காய விகிதம் குறைவாகவும் தெரியும். காணொளி பார்த்து ஒவ்வொருவரும் உள்ளே நின்ற நிமிடத்தை எடுப்பதுதான் துல்லியம், வேலையும் அதிகம். எல்லா ஆட்டத்துக்கும் 4.67 கணக்கைப் போடுங்கள். பத்தில் ஒரு ஆட்டத்துக்கு உண்மை நிமிடத்தை எடுத்து வித்தியாசத்தைத் தனியாகக் காட்டுங்கள். இதுவே ஒரு நல்ல முறையியல் கட்டுரை. ரெய்டுக்கு எத்தனை காயம் என்றும் சேர்த்துச் சொல்லலாம். 30 விநாடி ரெய்டு கபடிக்கே உரிய அலகு, ரெய்டருக்கும் பிடிப்பவருக்கும் காயம் வரும் விதம் வேறு.

காயத்தின் வரையறையை 2020-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி வெளியிட்ட ஒருமித்த அறிக்கையிலிருந்து அப்படியே எடுங்கள், சொந்தமாக எழுதாதீர்கள். நாள் இழப்பு 0, 1–7, 8–28, 28-க்கு மேல் என்று பிரிவு. காயம் பட்ட நாள் பூஜ்யம், மறுநாள்தான் ஒன்று. இந்த ஒரு நாள் பிசகு எல்லாப் பதிவேட்டிலும் வரும்.

மருத்துவரிடம் போனால்தான் காயம் என்று வரையறுத்தால் இங்கே பாதிக்கு மேல் கை நழுவும். கணுக்கால் பிசகினால் கட்டு வைத்தியரிடம் போவார்கள், புத்தூர் கட்டுப் போடுவார்கள், இல்லையென்றால் பற்றுப் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவார்கள். படிவத்தில் "யாரிடம் காட்டினீர்கள்" என்ற கேள்விக்கு டாக்டர், பிசியோ, கட்டு வைத்தியர், கோச், யாருமில்லை என்று ஐந்து பதிலும் இருக்கட்டும். ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலிருந்து மட்டும் தகவல் எடுத்தால் எலும்பு முறிவும் ஏ.சி.எல். (முழங்காலின் முன் குறுக்குத் தசைநார்) கிழிவும் மட்டுமே உலகம் என்று தோன்றும்.

நாட்பட்ட வலிக்கு நாள் இழப்பு உதவாது. முட்டிவலியோடு பருவம் முழுக்க ஆடுவார்கள், ஒரு நாள் கூட விடுப்பு எடுத்திருக்க மாட்டார்கள். அதற்கு ஆஸ்லோ விளையாட்டுக் காய ஆய்வு மையத்தின் வாராந்திரக் கேள்வித்தாள் இருக்கிறது. நான்கே கேள்வி: கலந்துகொள்ள முடிந்ததா, பயிற்சியைக் குறைத்தீர்களா, ஆட்டம் பாதித்ததா, வலி எவ்வளவு. ஒவ்வொன்றுக்கும் 0, 8, 17, 25 மதிப்பெண், மொத்தம் 100. தமிழில் பயன்படுத்த, இருவர் தனித்தனியாக மொழிபெயர்த்து, ஒன்றாக்கி, மூலத்தைப் பார்க்காத இருவர் திருப்பி மொழிபெயர்த்து, பிறகு 30–40 வீரர்களிடம் சோதித்துப் பார்ப்பது என்று முறை இருக்கிறது. இதற்கு ஆறு மாதம் ஒதுக்குங்கள், கண்காணிப்பு தொடங்குமுன் முடிந்தாக வேண்டும்.

படிவத்தை ஞாயிறு இரவு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், திங்கள் நினைவூட்டல், செவ்வாய் தொலைபேசி. புதன் ஆனால் அந்த வாரத்தை வெற்று என்று மூடிவிடுங்கள். பழையதை நினைவிலிருந்து நிரப்பவைக்காதீர்கள். பருவ முடிவில் "கடந்த 12 மாதத்தில் எத்தனை காயம்" என்று ஒரே தடவை கேட்பதை அடியோடு தவிருங்கள். பெரிய காயம் மட்டும்தான் ஞாபகத்தில் நிற்கும். குழுவுக்கு ஒரு பதிவாளர் வேண்டும், அவர் கோச்சாக இருக்கக் கூடாது. காயம் என்று சொன்னால் அணியில் எடுக்க மாட்டார் என்று பையன்கள் மறைப்பார்கள்.

காணொளிக்குச் சாதாரணக் கைபேசி போதும், ஆனால் வேகத்தைப் பாருங்கள். ஏ.சி.எல். கிழிவது கால் தரையில் பட்ட சுமார் 40 மில்லி விநாடிக்குள். விநாடிக்கு 30 படம் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் 33 மில்லி விநாடி, முக்கியமான நொடி நடுவில் போய்விடும். 120-ல் எடுத்தால் 8 மில்லி விநாடி. ஒரு கேமரா கோட்டுக்குப் பின்னால், ஒன்று பக்கவாட்டில் உயரத்தில். இரவு ஆட்டத்தில் 120 வைத்தால் படம் இருண்டுபோகும், ஃபோகஸ் விளக்குக்கு எதிரே வைக்காதீர்கள். மண் களமா, மேட் விரித்த களமா, வெறுங்காலா ஷூவா என்பதையும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் குறித்துக்கொள்ளுங்கள்.

காலம் முக்கியம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, மைதானம் குளமாகும். 2011 தானே, 2024 ஃபெஞ்சல் போல ஒரு புயல் வந்தால் வாரக்கணக்கில் பயிற்சி நிற்கும். ஜனவரியில் பொங்கல் போட்டிகளோடு தொடங்கி, கோடைத் திருவிழா ஆட்டங்கள் வரை போனால் 20 வாரம் சுளுவாகக் கிடைக்கும். ஆடாத வாரத்துக்கும் படிவம் போகட்டும். பூஜ்ய மணி நேரம் என்று பதிவாவது வேறு, பதில் வராதது வேறு.

லாஸ்பேட்டை:

வெளிநாடு பற்றி. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி ஆதரவு பெற்ற காயத் தடுப்பு மையங்களின் பட்டியல்தான் நல்ல தொடக்கம்: ஆஸ்லோ, கால்கரி, ஆம்ஸ்டர்டாம் எல்லாம் அதில் இருந்தவை. மெல்போர்னில் லா ட்ரோப், இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழகத்தையும் பாருங்கள்.

நாட்டுக்கு நாடு முறை வேறு. நார்வே, நெதர்லாந்தில் பிஎச்.டி. என்பது பெரும்பாலும் சம்பளத்தோடு கூடிய வேலை. திட்டமும் பணமும் தயாராக இருக்கும், ஆளைத்தான் தேடுவார்கள். நார்வே விளம்பரங்கள் ஜாப்நோர்கே தளத்திலும், நெதர்லாந்து விளம்பரங்கள் அகாடமிக் டிரான்ஸ்ஃபர் தளத்திலும் வரும். அங்கே உங்கள் சொந்தத் தலைப்பை நீட்டிப் பயனில்லை, விளம்பரத்தில் கேட்ட திறமை உங்களிடம் உண்டு என்று காட்ட வேண்டும். ஆஸ்திரேலியா, கனடாவில் தலைகீழ். முதலில் வழிகாட்டி சம்மதிக்க வேண்டும், பிறகு உதவித்தொகைக்குப் போட்டி. அங்கே உங்கள் தலைப்புக்கு மதிப்பு உண்டு.

மின்னஞ்சல் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. அவர்களுடைய ஒரு கட்டுரையைப் படித்து, அதில் விடுபட்ட ஒரு கேள்வியை எடுத்து, அதற்கு நீங்கள் கொண்டுவரக்கூடிய களம் என்ன என்று எழுதுங்கள். ஐம்பது பேருக்கு ஒரே கடிதம் போட்டால் ஐம்பதும் குப்பைக்குத்தான். எதை எதிர்பார்ப்பார்கள் என்று கேட்டால், புள்ளியியல். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில், நிகழ்வு எண்ணிக்கைக்கான பாய்சான் ரிக்ரெஷனும், ஒரே ஆளிடம் திரும்பத் திரும்ப எடுத்த அளவைக் கையாளும் கலப்பு மாதிரியும் ஓட்டத் தெரிந்தால், பத்து வொர்க்‌ஷாப் சான்றிதழைவிட அது பெரிது. இங்கே சேர்ந்தாலும் இதைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

சிதம்பரம் ரோடு:

கபடியை விடச் சொல்லவில்லை. ஆனால் பாதுகாப்பு என்று பார்த்தால் வெப்பமும் நம் கடற்கரைக்கு உரிய தலைப்பு. ஏப்ரல், மே மாதத்தில் தெர்மாமீட்டர் 34 காட்டும்போது ஆபத்து அதைவிட எங்கோ மேலே இருக்கும், காற்றில் ஈரம் அப்படி. வெப்பம், ஈரம், வெயில் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் எண் டபிள்யூ.பி.ஜி.டி. அதன் கணக்கு: ஈரக்குமிழ் (ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர்) 0.7, கருங்கோளம் (வெயிலை ஏற்கும் கறுப்பு உருண்டைக்குள் தெர்மாமீட்டர்) 0.2, உலர்குமிழ் (சாதாரணக் காற்று வெப்பம்) 0.1. ஈரக்குமிழ் 27, கோளம் 42, உலர்குமிழ் 34 என்றால் 18.9 + 8.4 + 3.4 = 30.7. கருவியை ஆடுகளத்திலேயே, வெயில் படும் இடத்தில், தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் வைக்க வேண்டும். பெவிலியன் நிழலில் வைத்தால் எண் பொய்யாகும். பள்ளிப் போட்டி நேர அட்டவணையை இந்த எண்ணோடு ஒப்பிட்டாலே ஆய்வு ஆகிவிடும். ஈரக்குமிழ், கருங்கோளக் கருவிகள் விலையும் கட்டுப்படியாகும்.

மஞ்சக்குப்பம்:

மூன்றாம் ஆய்வுக்கு எந்தப் பயிற்சி என்று கெடிலக்கரை தனிச்செய்தியில் கேட்டிருந்தார், எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கேயே போடுகிறேன். புதிதாக உருவாக்காதீர்கள். பெண்கள் கால்பந்துக்கு ஃபிஃபா 11+ என்ற காயத் தடுப்பு வார்ம்-அப் இருக்கிறது: 20 நிமிடம், மூன்று பகுதி, 15 பயிற்சி, வாரம் குறைந்தது இரண்டு தடவை. ஓட்டம் 8 நிமிடம், வலு 10, மறுபடி ஓட்டம் 2. நார்வேயில் 1,892 இளம் பெண் வீரர்களிடம் சோதித்து 2008-ல் வெளியானது. எங்கே கெடும் என்றால் நடுப் பத்து நிமிடத்தில். வியர்க்கும், சலிக்கும், கோச் பந்தை எடுக்கச் சொல்லிவிடுவார். அதனால் அமர்வு நடந்ததா என்று மட்டும் பதியாதீர்கள், எந்தப் பகுதி எத்தனை நிமிடம் என்று பதியுங்கள்.

கபடிக்குத் தொடைப் பின்தசைக்காக நார்டிக் பயிற்சி (மண்டியிட்டு, கணுக்காலை ஒருவர் பிடிக்க, மெதுவாக முன்னால் சாய்வது) சேர்க்கலாம். முதல் வாரம் ஒரே அமர்வு, 2 × 5 (இரண்டு சுற்று, சுற்றுக்கு ஐந்து தடவை) மட்டும். இரண்டாம் வாரம் இரண்டு அமர்வு, 2 × 6. மூன்றாம் வாரம்தான் மூன்று அமர்வு, 3 × 6–8. நான்காவதில் 3 × 8–10, ஐந்திலிருந்து பத்து வரை மூன்று சுற்றில் 12, 10, 8. முதல் நாளே 3 × 10 கொடுத்தால் மறுநாள் உட்கார எழ முடியாது, குழு அதோடு ஆய்வை விட்டே போகும்.

காலாப்பட்டு:

அனுமதி பற்றி யாரும் சொல்லவில்லை, இதில்தான் மாதங்கள் போகும். நெறிக்குழு ஒப்புதல் இல்லாமல் ஒரு படிவம் கூட நிரப்பக் கூடாது. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதம் கட்டாயம். அதோடு 7–12 வயதுப் பிள்ளையிடம் வாய்மொழி இசைவு, 12–18 என்றால் எழுத்தில் இசைவு. கோச் கையெழுத்து பெற்றோர் கையெழுத்தாகாது, விடுதி வார்டன் கையெழுத்தும் ஆகாது. விடுதிப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் பார்க்க வரும் நாளில் வாங்கிவிடுங்கள்.

கடலூர்ப் பள்ளிகள் என்றால் முதன்மைக் கல்வி அலுவலர், எஸ்.டி.ஏ.டி. (தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம்) மைதானம், விடுதி என்றால் மாவட்ட விளையாட்டு அலுவலர். பாகூர், அரியாங்குப்பம் பக்கம் ஒரு பள்ளியைச் சேர்த்தால் அது புதுச்சேரி அரசு, பள்ளிக் கல்வி இயக்ககத்தில் தனிக் கடிதம். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டதால் தேர்வும் விடுமுறையும் தமிழ்நாட்டோடு ஒத்துப்போகாது, 20 வாரத்தைப் போடும்போது இரண்டு நாட்காட்டியையும் பக்கத்தில் வையுங்கள்.

மூன்றாம் ஆய்வு பயிற்சி கொடுக்கும் ஆய்வு என்பதால் சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு) பதிவு வேண்டும். 2018 ஏப்ரல் முதல் முன்கூட்டிய பதிவை மட்டும்தான் ஏற்கிறார்கள். முதல் வீரரைச் சேர்த்த பிறகு போனால் பதிவாகாது, பதிவு எண் இல்லாத கட்டுரையை நல்ல இதழ்கள் வாசலிலேயே நிறுத்திவிடும். நெறிக்குழுக் கடிதம் கையில் வந்த அன்றே விண்ணப்பியுங்கள், திருத்தம் கேட்டுத் திரும்பி வரும், அதற்கும் சில வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.